பதினாறில் எடுத்த படம்

அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதற்காக நேற்றுக் காலை மத்திய வீதியிலுள்ள ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். முக்காலியில் உட்காரவைத்தார்கள். இருட்டறை வாசலில் தொங்கிய கறுப்புத் திரை காற்றில் விலகியபோது ஹைப்போ மணம் வந்தது. படம் கழுவுகிறவர்களின் கையை விட்டுச் சவர்க்காரம் போட்டாலும் போகாத அந்தப் புளிப்பு மணம். உன் கையில் அது எப்போதும் இருந்தது. "சோறு குழைச்சுத் தின்னேக்கையும் இதுதான் மச்சான் மணக்குது" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

ஸ்டூடியோக்காரர் என் நாடியைக் கொஞ்சம் உயர்த்திவிட்டுக் கமராவுக்குப் பின்னால் போனார். "ஐயா, கொஞ்சம் அசையாமல் இருங்கோ" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்து வாசல்வரைக்கும் போய்விட்டேன். "என்ன ஐயா, சுகமில்லையோ?" என்று அந்த மனிதர் பின்னாலேயே ஓடி வந்தார். "ஒண்டுமில்லைத் தம்பி, காத்து வேணும்போல இருந்தது" என்று சொல்லித் திரும்பவும் போய் உட்கார்ந்தேன். படம் எடுத்தாயிற்று. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. போன மாரியில் நீ போய்ச் சேர்ந்தாய். உன் மரணவீட்டுக்கு வந்தேன், நாலு பேரோடு நின்றேன், கிடங்கில் ஒரு பிடி மண்ணும் போட்டேன். உன்னோடு மட்டும் பேசவில்லை. இன்றைக்குப் பேசுகிறேன்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன வருடம் நினைவிருக்கிறதா? கட்டில், கதிரை, கிராமபோன், நாய்க்குட்டி என்று போகிறவர்கள் எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நீ அப்போது துறைமுகத்துக்குள்ளே, கப்பல் திருத்தும் பகுதியில், வரைபடங்களுக்குப் பிரதி எடுக்கும் அறையில் வேலை செய்தாய். அவர்கள் போனதோடு உன் வேலையும் போயிற்று. கடைசி நாளன்று கதவுக்கு வெளியே வந்தபோது உன் கையில் வேலைக்கான பத்திரம் எதுவும் இல்லை, ஒரு கமரா இருந்தது. அதிகாரி ஒருவரிடம் நாங்கள் இருவரும் சேர்ந்து பேசி வாங்கியது. பாதி உன்னுடையது, பாதி என்னுடையது.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண்கள் வைத்த ஜேர்மன் கமரா அது. மேல் கண்ணால் நாங்கள் பார்ப்போம். கீழ்க் கண் படம் எடுக்கும். கழுத்தில் தொங்கவிட்டுக் குனிந்து, மேலே இருக்கிற கண்ணாடிச் சதுரத்துக்குள் பார்க்கவேண்டும். அந்தச் சதுரத்துக்குள் உலகம் சின்னதாகவும் வடிவாகவும் இருக்கும், இடது வலதாகவும் இருக்கும். நீ அதற்குள் பார்க்கத் தொடங்கினால் உன்னை அதிலிருந்து எடுக்க ஏலாது.

எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் உப்புவெளிக்குப் போவோம். என்னை ஒரு வள்ளத்துக்கு முன்னால் நிறுத்தி, அப்பர்ச்சர் நெம்பைத் தள்ளித் தள்ளி ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பாய். மூன்றரையில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. எண் கூடக் கூட வில்லையின் துவாரம் சிறுக்கும் என்பது முதலில் எங்கள் இருவருக்கும் தலைகீழாகவே பட்டது. கழுவிப் பார்த்தபோதுதான் விளங்கியது. மூன்றரையில், துவாரம் அகலத் திறந்திருக்கையில், என் முகம் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. பின்னால் நின்ற வள்ளமும் வலை காயப்போட்ட கம்புகளும் புகையாகக் கரைந்திருந்தன. பதினாறில், துவாரம் ஊசிக்கண்ணாகச் சிறுத்திருக்கையில், என் முகமும் தெளிவு, வள்ளத்தில் எழுதியிருந்த இலக்கமும் தெளிவு, தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்களின் கால்களும் தெளிவு. ஆனால் சிறிய துவாரத்தால் வெளிச்சம் மெதுவாகத்தான் உள்ளே போகும். அதனால் வில்லைக்குப் பின்னாலுள்ள சின்னக் கதவை நீண்ட நேரம் திறந்து வைக்கவேண்டும், நிற்கிறவர் அசையக்கூடாது. அசைந்தால் படம் கலங்கும்.

எனக்குப் பதினாறில் எடுத்த படம்தான் பிடித்தது. எல்லாம் தெரிகிறதே என்றேன். நீ தலையை ஆட்டினாய். "எல்லாத்தையும் தெளிவா எடுத்தால் அது படம் இல்லை மச்சான், சாட்சி. ஒருத்தரைப் பாக்கவேணுமெண்டால் மற்றவையை மறந்துதான் பாக்கவேணும்" என்றாய். அதன்பிறகு நீ எந்த முகத்தை எடுத்தாலும் அகலத் திறந்தே எடுத்தாய். டைக் வீதியில் சின்னதாக ஸ்டூடியோ போட்டபோது அதுதான் உனக்குப் பெயர் எடுத்துத் தந்தது. உன் படத்தில் முகம் பூத்தாற்போல் நிற்கும் என்று ஊரே சொன்னது.

என் கலியாணப் படத்தையும் அப்படித்தான் எடுத்தாய். கோயில் வாசலில் நானும் றோசும் நிற்கிறோம். எங்களுக்குப் பின்னால் இரண்டு வீட்டு உறவும் படிகளில் அடுக்காக நிற்கிறது. படம் வந்தபோது நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம், மற்றவர்கள் வெள்ளையும் கறுப்புமாக ஒரு கலங்கல். என் மாமியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, எங்கட ஆக்கள் ஒருத்தரையும் காணேல்ல? பட்டுச்சீலை உடுத்து நிண்டது வீணாப் போச்சே!" என்று உன்னோடு சண்டைக்கு வந்தார். நீ கையைக் கட்டிக்கொண்டு, "மாமி, உங்களை வேறயா எடுத்துத் தாறன், ராணி மாதிரி" என்றாய். எடுத்தும் கொடுத்தாய்.

அந்த நாட்களில் நான் துறைமுகத்தில் தேயிலை ஏற்றும் கம்பனி ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். பெட்டி சுமக்கிறவர்கள் பெரும்பாலும் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிறவர்கள். காலையில் கதவடியில் வந்து நிற்பார்கள். ஓவசியர் கையைக் காட்டினால் அன்றைக்கு வேலை, காட்டாவிட்டால் திரும்பிப் போகவேண்டியதுதான். அவர்களுக்குள், எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற கிண்ணியாக் காசிமின் சொல்லுக்கு மரியாதை இருந்தது. எவரோடும் சத்தமாகப் பேசமாட்டார். பெட்டி தூக்கித் தூக்கி ஒரு பக்கத் தோள் இறங்கியிருக்கும். அவருடைய தம்பி நசீரும் அங்கேதான் வேலை செய்தான்.

ஒரு நாள் பெட்டி தூக்குகிற கயிறு அறுந்து மூதூர்க்காரர் ஒருவருடைய கால் நசுங்கிப்போயிற்று. அவர் எங்கள் ஆள் இல்லை, எங்கள் பதிவில் அவருக்குப் பெயரே இல்லை என்று கம்பனி கையை விரித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆட்கள் பெட்டி தூக்கமாட்டோம் என்று கொட்டகைக்குள் இருந்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து தொழிற்சங்கக்காரர் ஒருவர் வந்தார். பத்திரிகைக்கு ஒரு படம் போனால் கம்பனி இறங்கிவரும், இத்தனை பேர் சேர்ந்து நிற்கிறார்கள் என்று கொழும்பு பார்க்கவேண்டும் என்றார்.

படம் என்றதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். முகம் தெரிந்தால் நாளைக்கு ஓவசியரின் கை அவர்கள் பக்கம் திரும்பாது. அப்போது அவர்களுக்கு வழி சொன்னவன் நான். என் கலியாணப் படத்தை வீட்டிலிருந்து கொண்டுபோய்க் காசிம் காக்காவின் கையில் கொடுத்தேன்.

"இதில என்ர மாமியைக் காட்டுங்கோ பாப்பம்."

அவர் படத்தைக் கிட்ட வைத்தும் எட்ட வைத்தும் பார்த்தார். "எங்க இரிக்கிறா?" என்றார்.

"முதல் படியில, எனக்கு நேர பின்னால. அவவுக்கே அவவைத் தெரியேல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முன்னால் நிற்கிற சங்கக்காரர் மட்டும் தெளிவாக இருப்பார், பின்னால் நிற்கிறவர்கள் ஒரு கூட்டம் என்று மட்டும் தெரியும், ஆள் தெரியாது என்று சொன்னேன். எடுக்கப்போகிறவர் என் கூட்டாளி என்றும் சொன்னேன். காசிம் காக்கா படத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "கிளாக்கர், ஒண்டு கேக்கிறன். இந்தப் படத்தால எங்கட வயித்தில மண் விழாது தானே?" என்றார்.

"விழாது காக்கா. நான் பொறுப்பு."

அன்று மாலையே உன் ஸ்டூடியோவுக்கு வந்து கேட்டேன். நீ ஒரு கணம் பேசாமல் இருந்தாய். பிறகு, "ஓம், வாறன். அவைக்கு ஒண்டும் வராது" என்றாய். அந்த ஒரு கணத்தை நான் பிறகு எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்கு ஒன்றுமாகப் படவில்லை.

மறுநாள் பிற்பகல் கமரா பூட்டுகிற முக்காலியோடு வந்தாய். "இதென்னத்துக்கு?" என்று கேட்டேன். "உள்ளுக்கு வெளிச்சம் காணாது மச்சான்" என்றாய். ஆட்களைக் கொட்டகையின் பின்சுவரோடு வரிசையாக நிறுத்தினாய். சங்கக்காரரை முன்னால் கையை உயர்த்திக்கொண்டு நிற்கச் சொன்னாய். காசிம் காக்கா தயங்கிக்கொண்டு நிற்பதைக் கண்டதும் நீயாகவே அவரைக் கூப்பிட்டாய்.

"காக்கா, இஞ்ச வாங்கோ. நீங்களே பாருங்கோ. பின்னுக்கு நிக்கிறது ஆரெண்டு தெரியுதோ?"

அவர் குனிந்து கண்ணாடிச் சதுரத்துக்குள் பார்த்தார். சங்கக்காரர் தெளிவாக நின்றார். பின்னால் எல்லாம் கலங்கல். "அட, அந்த ஓரத்தில நிக்கிறவன் என்ட தம்பி எண்டே வெளங்கேல்ல!" என்று சிரித்தார். சிரித்தபடியே போய் இரண்டாம் வரிசையில் நின்றுகொண்டார்.

மேல் கண்ணுக்கு அப்பர்ச்சர் கிடையாது. அது எப்போதும் அகலத் திறந்தே இருக்கும். கீழ்க் கண்ணை எந்த எண்ணில் வைத்தாலும் குனிந்து பார்க்கிறவருக்குப் பின்னால் கலங்கலாகத்தான் தெரியும். அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். காசிம் காக்காவுக்குத் தெரியாது. அவருக்கு நீ காட்டியது படம் எடுக்காத கண்ணை.

நானும் வரிசையில் போய் நிற்க நகர்ந்தேன். நீ என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாய். "மச்சான், நீ இஞ்சால வா. என்ர பக்கத்தில நில். இந்தக் கால் ஆடுது, பிடிச்சுக்கொள்." முக்காலியின் கால் ஆடவில்லை. இருந்தாலும் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் கொஞ்சம் அசையாமல் நில்லுங்கோ. மூச்சையும் பிடியுங்கோ" என்றாய்.

நின்றார்கள். தோளில் பெட்டியோடு பலகையில் ஏறி இறங்கிப் பழகியவர்களுக்கு அசையாமல் நிற்பது பெரிய வேலையில்லை. நீ விசையை அழுத்தினாய். டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கவேண்டிய இடத்தில், முறுக்கிய மணிக்கூடு அவிழ்வதுபோல் கிர்ர் என்று ஒரு நீண்ட சத்தம் கேட்டது. கமராவின் கதவு அவ்வளவு நேரம் திறந்திருந்தது. அகலத் திறந்து எடுக்கிறவனுக்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று என் காது கேட்டது. உன்னிடம் நான் கேட்கவில்லை. நீ எடுக்கிற படத்தில் நான் கணக்குப் பார்த்ததே இல்லை.

பத்திரிகையில் படம் வரவில்லை. அடுத்த கிழமை கம்பனிக் கதவில் வந்தது.

பெரிதாக்கிப் பலகையில் அடித்திருந்தார்கள். காலையில் நான் போனபோது அதற்கு முன்னால் ஆட்கள் மொய்த்து நின்றார்கள். ஒவ்வொருவரும் தன்னைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு நின்றார்கள். சங்கக்காரர் தெளிவாக இருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஒவ்வொருவரும் அதே தெளிவோடு இருந்தார்கள். காசிம் காக்காவின் கன்னத்து மருவும் நசீரின் சட்டையில் அறுந்த பொத்தானும் தெரிந்தன. அவர்களுக்குப் பின்னால் தகரச் சுவரில் அடித்திருந்த ஆணித் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் இருந்தது. மூன்றரையில் எடுத்தால் இப்படி விழாது. எட்டில் எடுத்தாலும் விழாது. கைதவறி நடந்ததென்று சொல்லிக்கொள்ள நீ எனக்கு ஓர் இடமும் வைக்கவில்லை.

ஓவசியர் பலகைக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவரின் முகத்தைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், கையை வெளிப்பக்கம் காட்டுவார். யாரும் சத்தம் போடவில்லை. வந்த வழியே திரும்பினார்கள். காசிம் காக்கா மட்டும் பலகைக்குக் கிட்டப் போய், ஒரு விரலை வைத்து வரிசை வரிசையாக நகர்த்தினார். கடைசிவரைக்கும் நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒங்களத் தேடுறன் கிளாக்கர். காணேல்ல" என்றார்.

"காக்கா, எனக்குத் தெரியாது. அல்லா அறிய எனக்குத் தெரியாது" என்றேன். வாயில் என் ஆண்டவரின் பெயர்கூட வரவில்லை, அவருடையதுதான் வந்தது. நசீர் என் காலடியில் காறித் துப்பினான். காசிம் காக்கா அவனுடைய தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் உள்ளே போகவில்லை. நேராக உன்னிடம் வந்தேன். நீ தண்ணீர்த் தொட்டிக்குள் படங்களை அலசிக்கொண்டு நின்றாய். என்னைக் கண்டதும் கையைத் துடைத்தாய். உன்னை அடிக்க வந்தவன் நான். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"எத்தினையில எடுத்தனீ?"

நீ பொய் சொல்லவில்லை. "பதினாறில" என்றாய்.

"ஏன்?"

கதிரையை இழுத்து எனக்குப் போட்டாய். நான் இருக்கவில்லை. கம்பனி மனேச்சர் உன்னைக் கூப்பிட்டனுப்பியதையும், முகங்கள் தெரிகிற படம் கொடுத்தால் துறைமுகத்துக்குள் எந்த நேரமும் போய் வரவும் படம் எடுக்கவும் ஒரு பாஸ் எடுத்துத் தருவதாகச் சொன்னதையும் நீ சொன்னாய். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. எனக்கு விளங்கும் என்று நம்பித்தான் சொன்னாய்.

"மச்சான், நான் பதினைஞ்சு வயசில உள்ளுக்குப் போனவன். விடிய அந்த மலைக்குப் பின்னால வெயில் ஏறேக்கை தண்ணி என்ன நிறத்தில இருக்கும் எண்டு உனக்குத் தெரியாது. கையில கமரா வந்த நாளில இருந்து நான் கதவுக்கு வெளியில நிக்கிறன். அவைக்கு வேற இடத்தில கூலி கிடைக்கும். எனக்கு அந்தக் கதவு ஒருக்காத்தான் திறக்கும்."

"நான் பொறுப்பெண்டு சொன்னனான்ரா அவையிட்ட."

"உனக்கு ஒண்டும் வராமல் பாத்தனான் தானே? அதுக்குத்தானே உன்னைப் பக்கத்தில கூப்பிட்டனான். படத்தில நீ இல்லையே."

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. என்னை விற்றிருந்தால் நானும் அவர்களோடு கதவுக்கு வெளியே நின்றிருப்பேன். நீ என்னைக் காப்பாற்றினாய். காப்பாற்றியதால் அவர்களுக்கு முன்னால் என்னையும் உன்னைப்போல் ஆக்கினாய்.

"அதுதான்ரா நீ செய்த பெரிய அநியாயம்" என்று சொன்னேன். நீ என்னை விளங்காமல் பார்த்தாய். உண்மையாகவே உனக்கு விளங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கமராவில் பாதி என்னுடையது. அதைத் திரும்பியும் பாராமல் வெளியே வந்தேன்.

கம்பனியில் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. மனேச்சர் கண்டால் தலையை ஆட்டிச் சிரிக்கவும் தொடங்கினார். புதிதாக எடுத்த ஆட்கள்கூட நான் பக்கத்தில் வந்தால் கதையை நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நாள் பார்த்தேன், ஏலாமல் போயிற்று. தம்பலகாமத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதப் போனேன். றோசுக்கு அது பிடிக்கவில்லை. "அவர் உங்களுக்குக் கெடுதல் ஒண்டும் செய்யேல்லையே. நல்ல வேலையை விட்டிட்டு ஏன் தவிட்டுக்குள்ள போய்க் கிடக்கிறியள்?" என்பாள். அவளுக்கும் என்னால் விளங்கவைக்க முடியவில்லை. சுவரிலிருந்த கலியாணப் படத்தை ஒரு நாள் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

நீ துறைமுகத்துக்குள் போனாய். உன் படங்கள் ஒவ்வொரு வருடமும் கலண்டரில் வந்தன. ஆலை முதலாளியின் மேசைக்கு மேலேயும் ஒன்று தொங்கியது. முன்னால் ஈரமான கயிற்றுச் சுருள், நடுவில் கப்பல், அப்பால் மலை, மலையில் ஒற்றைப் பனை, எல்லாமே தெளிவு. மற்றவையை மறந்து பார்க்கவேண்டும் என்ற உன் பேச்சு அந்தப் படங்களில் எங்கேயும் இல்லை. கெட்ட படமாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கெட்ட படம் இல்லை. நீ சொன்ன வெளிச்சம் உண்மையாகவே அங்கே இருந்தது. கணக்கெழுதிக்கொண்டே அதை நாள்தோறும் பார்த்தேன்.

உனக்குக் கடும் வருத்தம் என்று உன் மனைவி சொல்லியனுப்பியபோது ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பகல் நேரம். யன்னலுக்கு வெளியே கடல் தெரிகிற கட்டில் உனக்குக் கிடைத்திருந்தது. நீ மெலிந்து, கண் மட்டும் பெரிதாகக் கிடந்தாய். கையைப் பிடித்தாய்.

"என்ர துறைமுகப் படங்கள் பாத்தனீயோ?"

"பாத்தனான்."

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். உன் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "எனக்கு ஒரு உதவி செய். காசிம் காக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பு. எனக்கு அதில பங்கில்லை எண்டு. நான் சொன்னால் அவர் நம்பார். நீ சொன்னால் நம்புவார்."

நீ நெற்றியைச் சுருக்கினாய். யாரென்று யோசித்தாய். யோசித்துத்தான் கண்டுபிடித்தாய். "அது எந்தக் காலத்துக் கதை மச்சான்? இப்ப ஆர் அதை நினைச்சுக்கொண்டு இருக்கினம்?" என்றாய். பிறகு வெளியே காட்டி, பின்னேரத்தில் இந்த யன்னலில் வருகிற வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய்.

நான் அதை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். உனக்கு அது தெரியவில்லை. படம் எடுத்ததைவிட அது எனக்கு அதிகம் நொந்தது.

உன்னைப் புதைத்த பிறகு கிண்ணியாவுக்குப் போனேன். ஆற்றைக் கடக்கிற மிதவையில் நிற்கையில் இரண்டு தரம் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். காசிம் காக்கா இப்போது சின்னதாக ஒரு விறகுக் கடை வைத்திருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இறங்கிய தோள் இன்னும் இறங்கித்தான் இருக்கிறது. என்னைக் கண்டதும் கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டு, "வாங்க, இரிங்க" என்றார். பிளேன் ரீ வந்தது. நீ இறந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மேல் கண், கீழ்க் கண், மூன்றரை, பதினாறு, பாஸ், ஆடாத முக்காலிக் கால். ஒரு விறகுக் கட்டையை எடுத்து மண்ணில் கீறிக் காட்டியும் சொன்னேன்.

"நீங்க சொல்றத இப்ப நம்புறன்" என்றார் கடைசியில். "நசீர்தான் நம்பாமலே போயிட்டான். அண்டைக்குக் கொழும்புக்குப் போனவன், மவுத்தாகிப் பொட்டியிலதான் வந்தான்."

எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் படத்த வடிவாப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தனான் காக்கா. ஆணித் தலைகூடத் தெரிஞ்சுது."

"எங்கட கண்ணப் பாத்தீங்களா?"

நான் மண்ணில் கீறிய கோடுகளைப் பார்த்தேன்.

"ஒருத்தனும் கமராவப் பாக்கேல்ல. அது என்ன சாமானெண்டு எங்களுக்குத் தெரியாது தானே. ஒங்களத்தான் பாத்துக்கிட்டு நிண்டம். நீங்க சிரிச்சிக்கிட்டு நிண்டீங்க. அதுதான் நாங்களும் பயப்படாம நிண்டம்."

மிதவையில் திரும்பி வருகையில் அந்தப் பலகையை மனதில் கொண்டுவந்து பார்த்தேன். உண்மைதான். கதவடியில் நின்ற அன்று நான் மருவைப் பார்த்தேன், பொத்தானைப் பார்த்தேன், எண் என்னவென்று கணக்குப் போட்டேன். கண்களைப் பார்க்கவில்லை. இரண்டு வரிசை ஆட்களும் வில்லையிலிருந்து சற்று விலகி ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பக்கம் நான் நின்ற பக்கம்.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் இந்த மாரியோடு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. உன் படங்கள் நன்றாக இருந்தன என்பதையும் நான் மறுக்கமாட்டேன். கமராவில் என் பாதியையும் உன்னோடே வைத்துக்கொள். அந்தக் கண்கள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. என்னை நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்த கண்கள். வயதாகும்போது மனிதனுக்கு முகங்கள் மங்கிப்போகும் என்கிறார்கள். எனக்கு என் அப்பாவின் முகம் மங்கிவிட்டது, உன் முகமும் மங்கத் தொடங்கிவிட்டது. அந்த ஆட்களை நீ பதினாறில் எடுத்துவிட்டாய். ஒருவருடைய கண்ணும் மங்கவில்லை.